பதினோரு அடி வளைவு

கோட்டுக்காரர் என்றதும் கோட்டு மாட்டிக்கொண்டு திரிகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், அந்த மனுஷன் தன் கல்யாணத்துக்குக்கூட அதைப் போட்டதில்லை. அவர் தரையில் கோடு போடுகிறவர். பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டப்பந்தயத்துக்கு வெள்ளைக் கோடு, ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் நிற்க மஞ்சள் கட்டம், கடைவீதியில் வண்டி நிறுத்தச் சாய்வுக் கோடு என்று நாற்பது வருஷமாக ஊர் ஜனங்கள் மிதித்து நடந்ததெல்லாம் அவர் கைவேலைதான். யார் போட்டது என்று ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டுமே, ம்ஹூம்.

நேராக இருப்பது என்றால் அவருக்கு உயிர். சுவரில் காலண்டர் அரை விரல் சாய்ந்திருந்தால் சோறு இறங்காது. போர்வையை மடித்தால் முனையும் முனையும் முத்தமிட்டுக்கொள்ள வேண்டும். "என்னையும் நூல் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டாரு" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

தொழிலில் அவருக்கு இரண்டு விசித்திரப் பழக்கங்கள் இருந்தன. ஒன்று, கயிற்றின் மறுமுனையை யாரையும் பிடிக்க விடமாட்டார். கோடு போடுகிறவர்கள் எல்லாரும் ஒரு ஆளை எதிர்முனையில் நிறுத்திக் கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். இவரோ பழைய இரும்பில் இரண்டு கனத்த கட்டைகள் அடித்து வைத்திருந்தார். அதில்தான் கயிற்றைக் கட்டுவார். தூக்கிச் சுமந்தே தோள்பட்டை போயிற்று. இரண்டாவது, குனிந்து பிரஷ் ஓட்டும்போது இரண்டு அடிக்கு ஒரு தரம் தலையைத் தூக்கி எதிரே பார்ப்பார். எதிரே ஒரு ஈ காக்கை இருக்காது, ஆனாலும் பார்ப்பார். கூட வேலை செய்தவர்கள், கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கிறது என்று கேலி பண்ணினார்கள். அவர் அடுத்த இரண்டு அடிக்குக் குனிந்துவிடுவார்.

இப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. வேலையை விட்டாயிற்று. மனைவிக்கு அறுபத்திரண்டு. அவளுக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்துப் பார்வை எல்லாம் அழிந்து, நடுவில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. போனது திரும்ப வராது, இருப்பது சில மாசம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து, மகளின் சின்ன வயசுப் படங்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்துவிடப் போகிறேன் என்றாள்.

ஒரே மகள். அவளுக்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை பிறந்து, பிறந்த இடத்திலேயே போய்விட்டது. அந்த இடம்தான் அவள் பார்க்க ஆசைப்பட்டு, பார்க்க முடியாமல் போன ஒன்று. முப்பத்தெட்டு வருஷமாக அது எங்கே இருக்கிறது என்றே புருஷனுக்கும் தெரியாது, பெண்டாட்டிக்கும் தெரியாது.

தெரியாமல் போனது எப்படி என்று கேட்கலாம். அது ராணுவ வேலை. எங்கோ மனித வாடையே இல்லாத பொட்டல்வெளியில் ஒரு முகாம். நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிய லாரியில் ஏற்றி ஒன்றரை நாள் ஓட்டிக்கொண்டு போனார்கள். போகும் முன்பே, பார்த்ததை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கல்யாணம் ஆகி மூன்று வருஷமே ஆன ஜோடி அப்போது இது. அவர் பிரஷ், அவள் கயிறு. அந்த மூன்று வருஷமும் எந்த வேலைக்கும் சேர்ந்துதான் போனார்கள். அவளைப்போலக் கயிற்றை ஆடாமல் அசையாமல் இழுத்துப் பிடிக்க இன்னொருத்தர் பிறந்து வர வேண்டும் என்று அவரே பெருமையடிப்பார். அவள் அப்போது ஏழு மாசம். வராதே என்றார், கேட்கவில்லை. உங்க கயிறை வேற எவ பிடிப்பா என்று கிளம்பிவிட்டாள்.

கதையை அங்கே நிறுத்திவிட்டு, இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள். மாப்பிள்ளை லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். தங்கமான பிள்ளை, ஒரே ஒரு கோளாறுதான், மர்ம வீடியோப் பைத்தியம். கடலுக்கடியில் கோட்டை, மலைக்குள்ளே ரயில் என்று எவன் எதைச் சொன்னாலும் அப்படியே விழுங்குவார். அன்றைக்குத் தட்டைக் கழுவிக்கூட வைக்காமல் போனை நீட்டினார். மாமாவுடைய தொழில் சம்பந்தப்பட்டது, உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது என்றார்.

வானத்திலிருந்து எடுத்த படம். சாம்பல் நிறப் பொட்டல். நடுவே ஒரு பெரிய கறுப்புச் சதுரம். அதற்குள் வெள்ளைப் பட்டைகள், மூன்று மூன்றாக. முதல் மூன்று பெரிது, அடுத்த மூன்று கொஞ்சம் சிறிது, அதற்கடுத்தது இன்னும் சிறிது. வேற்றுக்கிரகத்துக்காரர்களுக்கு இறங்குவதற்கு வழி காட்டியிருக்கிறார்கள் என்று ஒருவன் சொன்னான். பூமிக்கடியில் ஏவுகணை இருக்கிறது, எத்தனை என்று எண்ணிச் சொல்கிற கணக்கு இது என்று இன்னொருவன் அடித்துப் பேசினான். மூன்றாமவன் கையில் ஒரு குச்சியோடு வந்து, இதையெல்லாம் விடுங்கள், மர்மமே இதோ இங்கேதான் என்று ஒரு பட்டையைத் தொட்டான். எல்லாப் பட்டையும் அளவெடுத்த மாதிரி நேராக இருக்கும்போது, பெரியதில் நடுப்பட்டையின் விளிம்பு மட்டும் கடைசிப் பக்கமாக வளைந்து புடைத்திருந்தது. அந்த வளைவை நீட்டினால் ஒரு நட்சத்திரத்துக்குப் போய்ச் சேருகிறதாம்.

"இது சும்மா வந்த வளைவு இல்ல மாமா. இதுக்குப் பின்னாடி பெரிய கணக்கு இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

கோட்டுக்காரர் போனைப் பிடுங்கிக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா? பட்டைக்கு வடக்கே, கறுப்புச் சதுரத்தைத் தாண்டி, மண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. குச்சி வைத்திருந்தவன் அதைச் சுரங்கத்தின் வாசல் என்றான்.

உள்ளே கட்டிலில் இருந்தவளுக்குக் கண்தான் மங்கியிருந்ததே தவிர காது கத்தி. "என்னது அது, மூணு மூணா கோடா? நாம போட்டோமே, அந்த இடமா?" என்று கேட்டபடி சுவரைத் தடவிக்கொண்டு வந்துவிட்டாள். முகம் அப்படியே மலர்ந்து கிடந்தது.

"இல்ல. இது வேற. இதுல நாலு நாலா இருக்கு" என்றார் அவர்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மாமனார் பார்த்த பார்வையில் திறந்த வாய் மூடிக்கொண்டது.

"நல்லா பாத்தீங்களா? ஓரமா வெள்ளையா கல்லு ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று திரும்பிப் போய்ப் படுத்துவிட்டாள். அவர் மாப்பிள்ளையை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரகசியம், அத்தையிடம் மூச்சு விடக்கூடாது என்று கட்டுப்படுத்தினார். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. தன் மாமனாரே அந்த மர்மத்தில் ஒரு ஆள் என்றால் சும்மாவா? சத்தியம் செய்து கொடுத்தார். அந்த மடப்பிள்ளை அந்தச் சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றவும் செய்தார், அதுதான் கொடுமை.

மர்மம் என்ன மர்மம்? அங்கே இருந்த இளம் அதிகாரி ஒருவர் டீ குடிக்கும்போது வாய் தவறிச் சொல்லியிருந்தார். மேலே பறக்கிற விமானத்தில் கேமரா இருக்கிறது, அதற்கு எவ்வளவு சின்னது வரை தெரிகிறது என்று பார்க்க இந்தப் பட்டைகள் என்று. கண் டாக்டர் சுவரில் எழுத்து மாட்டி வைத்து, பெரிசிலிருந்து சின்னது வரை படிக்கச் சொல்கிறாரே, அதே கதைதான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த வளைவுக்கு மட்டும் ஒரு கணக்கு இருந்தது. அது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

அந்தத் தளம் புதுத் தார். கயிறு கட்ட முளை அடித்தால் தார் வெடிக்கும் என்று அடிக்க விடவில்லை. ஆகவே கயிற்றை ஆள்தான் பிடித்து நிற்க வேண்டும். மறுநாள் மேலதிகாரி பார்வையிட வருகிறார். அதற்குள் ஓரக்கோடுகள் முடிந்தாக வேண்டும். கோட்டுக்காரர் விளிம்பைப் போட்டுக் கொடுத்தால் சிப்பாய்கள் நடுவில் ரோலரால் நிரப்புவார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் பட்டையின் முடிவையும் தாண்டி, நூறடி தள்ளி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். இவர் குனிந்து கயிற்றை ஒட்டியே பிரஷ் ஓட்டிக்கொண்டு அவளை நோக்கி வந்தார். கோடு போடுகிறவனுக்குக் கண் கயிற்றின் மேல் இருக்க வேண்டும், ஆளின் மேல் அல்ல. தொழில் அப்படி. பட்டை முடியப்போகிற இடத்தில் கயிறு தொய்ந்தது. கை மாற்றுகிறாள் என்று நினைத்தார். கயிறை விடாதே என்று தரையைப் பார்த்தபடியே கத்தினார். காற்று தொய்ந்த கயிற்றைப் பக்கவாட்டில் தள்ளியது. பிரஷ் கயிற்றோடு போனது. பெயிண்ட் காய்ந்துவிடும் என்ற அவசரம் வேறு. ஒருவழியாகத் தலையைத் தூக்கிப் பார்த்தபோது எதிரே ஆள் நிற்கவில்லை. சேலை மட்டும் தார்மேல் கிடந்தமாதிரி இருந்தது.

லாரியும் வைத்தியரும் எங்கிருந்தோ வந்தார்கள். குழந்தை பிறந்து ஒரு தரம் வாயைத் திறந்ததாம், சத்தம் வரவில்லையாம். அவளுக்கு நினைவே இல்லை. அவளை முகாம் அறையில் போட்டுவிட்டு, இவரும் இரண்டு சிப்பாய்களும் தளத்துக்கு வடக்கே குழி தோண்டினார்கள். எட்டுக் கல்லைப் பொறுக்கி மிச்சப் பெயிண்டை அடித்து மேலே வைத்தார். மறுநாள் காலையிலேயே இருவரையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கோட்டை அழித்துத் திரும்பப் போடட்டுமா என்று அந்த நிலையிலும் கேட்டாராம், தொழில்புத்தி. இளம் அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பரவாயில்லை, மேலே இருந்து பார்க்கிறவனுக்கு இதெல்லாம் தெரியாது என்று தோளைத் தட்டி அனுப்பினார். சிப்பாய்கள் இவர் போட்டு வைத்த விளிம்பை அப்படியே நம்பி, வளைவும் புடைப்புமாக நிரப்பிவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் அவள் முதலில் கேட்டது, நான் விழுந்ததும் நீங்க வந்தீங்களா என்பதுதான். விழுந்த நிமிஷமே ஓடி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார். கூப்பிட்டிருப்பாய் போல, காற்றில் ஒன்றும் கேட்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது? அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். நான் தரையைத் தொடுவதற்குள் வந்து தாங்கிவிட்டார், அவர் கையில் ஒரு குறையும் இல்லை, என் தலைவிதி என்று அக்கம்பக்கத்தாரிடமும், பிற்பாடு மகளிடமும் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்! ஒவ்வொரு தடவையும் இவர் எழுந்து எங்கேயாவது போய்விடுவார். இரும்புக் கட்டைகளைச் செய்ததும், தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததும் அதற்கப்புறம்தான்.

அந்தப் படத்தை அவள் பார்த்தால் போதும், பொய் உடைந்துவிடும். மற்றவர்களுக்கு அது மர்மம். கயிறு பிடித்தவளுக்கு அது வெட்டவெளிச்சம். அவள் நின்றவரை கோடு நேர். அவள் விழுந்த பிறகு போட்டதுதான் வளைவு. எத்தனை அடி வளைந்திருக்கிறதோ அத்தனை அடிக்குப் புருஷன் தலையைத் தூக்கவில்லை. இதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே மனுஷன் நாளைக் கடத்தினார். கண் ஆஸ்பத்திரிக்கு மாசம் ஒரு தரம் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் எழுத்துகள், பெரிசிலிருந்து சின்னதாக. முதல் மாசம் மூன்றாவது வரிசை வரை படித்தாள். அடுத்த மாசம் இரண்டு. அப்புறம் மேலே இருந்த ஒற்றைப் பெரிய எழுத்து. பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து இவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிசையாக அழியும்போது ஒரு பக்கம் வயிறு எரிந்தது. இன்னொரு பக்கம், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று மனசின் மூலையில் ஏதோ ஒன்று மூச்சு விட்டது. அந்த மூச்சை நினைத்தால் அவருக்கே தன் முகத்தில் துப்பலாம்போல இருந்தது. துப்பித்தான் ஆக வேண்டும், நான் ஒன்றும் அவருக்குப் பரிந்து பேச வரவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்கு விளக்குப் போட்டதும் அணைத்ததும்கூடத் தெரியாமல் போயிற்று.

ஒருநாள் காலையில் அவர் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். வகிடு நேராக எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் பேச்சோடு பேச்சாக, எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், பிள்ளை கிடக்கிற இடத்தைத்தான் பார்க்காமலே கண் போயிற்று என்றாள். சீப்பு நின்றது. அவர் வருத்தப்படுகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் எதற்கு என்று புரியவில்லை. கையைப் பின்னால் நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. உங்களால ஆனதை அன்னைக்கே பண்ணிட்டீங்க. ஓடி வந்தீங்களே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு மத்தியானம் அவள் தூங்கும்போது, மின்விசிறி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து மேசைமேல் விரித்தார். பரணில் கிடந்த பழைய கயிற்றைப் பிரித்து மெல்லிய இழைகள் எடுத்தார். பசை தடவி, பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று அளந்து, பட்டைகளின் விளிம்பை இழையால் ஒட்டினார். விரலுக்குத் தெரிய வேண்டுமே. கல்லுக்குப் பதில் அவள் தையல் டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான். மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கிய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார். நடுப்பட்டைக்கு வந்தபோது கை தானாகவே இழையை நேராக ஒட்டிவிட்டது. பார்த்தார். வாழ்க்கையில் இவ்வளவு நேராக ஒரு கோடு அவர் போட்டதில்லை. இப்படியே கொடுத்தால் யாருக்குத் தெரியும்? கண் இல்லாதவள் விரலுக்கு எதைக் கொடுத்தாலும் அதுதான் சாட்சி. பிள்ளை கிடக்கும் இடத்தையும் தொட்ட மாதிரி ஆகும், அவள் நம்பிக்கையும் நிற்கும்.

நகத்தால் இழையின் முனையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு பசை காயும் முன் கடைசி ஓர் அங்குலத்தைப் பிய்த்து எடுத்து, உள்ளது உள்ளபடி வளைத்து ஒட்டினார்.

அவள் எழுந்ததும் அட்டையை மடியில் வைத்தார். அன்றைக்கு மாப்பிள்ளை காட்டியது நம் இடம்தான், மூன்று மூன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லிவிட்டேன் என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. விரலை நீட்டினாள். அவர் அதைப் பிடித்து நடுப்பட்டையின் ஆரம்பத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

விரல் இழைமேல் போயிற்று. நேராக, நிதானமாக, பழைய பழக்கத்தோடு போயிற்று. கடைசியில் வளைவு வந்ததும் நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போயிற்று. மூன்று தரம் அப்படிப் போய் வந்தது.

"இது எவ்வளவு?"

"பதினோரு அடி."

அவள் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறாள்.

"அடிக்கு அரை நிமிஷம் எடுப்பீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேலே ஆகியிருக்கும்."

"ஆமா."

"நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன். ஏங்கன்னு. காத்துல உங்களுக்குக் கேக்கலன்னு இத்தனை நாளா நெனச்சுட்டு இருந்தேன்."

இப்போதுகூட ஒரு வழி இருந்தது. கேட்கவில்லை என்ற ஒற்றைச் சொல் போதும், பாதிப் பாரம் காற்றின் தலையில் போய்விடும்.

"கேட்டுச்சு. வெயில் தாங்காம கூப்பிடறேன்னு நெனச்சேன்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பார்வையே இல்லாதவள் எந்தப் பக்கம் திரும்பினால் என்ன, ஆனாலும் அவர் இருந்த பக்கம் வேண்டாம் என்று திருப்பிக்கொண்டாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பிறகு கேட்டாள்.

"கல்லு எங்க?"

விரலைப் பிடித்துப் பொத்தான்மேல் வைத்தார். அவள் அதன் விளிம்பைச் சுற்றித் தடவினாள். பிறகு உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டாள்.

"நீங்க போய்ச் சாப்பிடுங்க. நான் கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேன்."

அவர் சமையலறைக்குப் போய்த் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, அறை தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். இரண்டு வாய்க்கு ஒரு தரம் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தார். அவள் கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். சாப்பிட்டு முடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை, கை காயக் காய அங்கேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவள் கூப்பிடவே இல்லை.